படகு மோட்டார் கொடுத்து வாங்கிய படம்

லவோன் ஹாகன் யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டாள். நான் அவளுக்குப் பக்கத்து வீடு. என் தோட்டத்து ராஸ்பெர்ரியை ஒரு கிண்ணத்தில் கொடுத்தால், மறுநாள் அதே கிண்ணத்தில் அவள் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்து நிற்கும். “இதென்ன பண்டமாத்தா?” என்று கேட்டால், “பின்ன? கடைக்காரியாச்சே” என்பாள்.

கடைக்காரிதான். டுலூத் துறைமுகத்தைத் தாண்டிப் போகும் ஏரிக்கரைச் சாலையில் அவளும் அவள் கணவர் ஹார்லனும் வாலிபத்திலிருந்தே ஒரு கடை நடத்தினார்கள். தூண்டில், புழு, கயிறு, ஆணி, படகுச் சாமான், குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைக்கிற கருவி என்று எல்லாம் கிடைக்கும். கல்லா ஓரத்தில் காப்பி எப்போதும் சூடாக இருக்கும். ஏரியைப் பார்த்த அந்த நிலம் ஹார்லனின் அப்பா மலிவாக வாங்கிப் போட்டது.

அந்தக் காப்பிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர் வைனோ ரௌட்டியோ. படகுப் பட்டறைக்குப் பின்னால், சக்கரம் வைத்த வீடான ஒரு பழைய டிரெய்லரில் தனியாக இருந்தார். கோடையில் படகுகளுக்குச் சாயம் பூசிச் சம்பாதிப்பார்; ஏரி உறைந்ததும் ஏரியை வரைவார். அவர் ஓவியர் என்பதை அந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “வைனோ, இன்னிக்கு என்ன வரைஞ்ச?” என்று கேட்பார்கள். “வெள்ளை” என்பார். “நேத்து?” “அதுவும் வெள்ளைதான். ஆனா வேற வெள்ளை.”

ஹார்லனுக்கும் அவருக்கும் நல்ல ஒட்டுதல். பனிக்கட்டியில் துளை போட்டு இருவரும் தூண்டில் விட்டு உட்கார்ந்தால் மத்தியானம் முழுக்க நாலு வார்த்தை பேசுவார்கள். அதில் இரண்டு மீனைப் பற்றி இருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு குளிர்காலத்தில்தான் வைனோ அந்தப் படத்தை வரைந்தார். கவிழ்த்த வாளியின் மேல் ஹார்லன், முதுகு மட்டும். காது மூடிய தொப்பி. மரம் விழுந்து அடிபட்டதிலிருந்து ஒரு தோள் இறங்கியே இருக்கும், அதுவும் அப்படியே வந்திருந்தது. அவருக்கு முன்னால் பனி போய்ப் போய்ச் சாம்பல் நிறத்தில் வானத்தோடு கலந்துவிடும். முகமே தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் யார் பார்த்தாலும் ஹார்லன் என்று சொல்லிவிடுவார்கள்.

வைனோ அதைக் கம்பளியில் சுற்றிக் கடைக்குத் தூக்கி வந்தார்.

“லவோன், இது உனக்கு.”

“எவ்வளவு?”

“வெல கேட்டன்னா திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்.”

“சும்மா குடுத்தா நானே தூக்கி வெளியில வெச்சுடுவேன்.”

ஹார்லன் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, “ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுச் சண்டை போடுங்க. குளுருது” என்றார்.

கடைசியில் லவோன் பின்னறையிலிருந்து ஒரு படகு மோட்டாரை இழுத்து வந்தாள். பழசு, ஆனால் நன்றாக ஓடுவது. அதைக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டாள். வைனோ மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடியே போனார்.

பல வருஷம் கழித்து ஹார்லனுக்கு நுரையீரலில் நோய் வந்தது. கடைசி வாரங்களை மேட்டின் மேல் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். இனி மருந்தில்லை என்றானவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. லவோன் படத்தைக் கொண்டுபோய் அவர் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். பக்கத்து அறைக்காரர்கள் சக்கர நாற்காலியில் வந்து அதன் முன் உட்கார்ந்தார்கள். கப்பலில் வேலை பார்த்த கிழவர் ஒருவர் தினமும் வந்து, “இன்னிக்குப் பனி தாங்காது, எழுந்து வாப்பா” என்று படத்திடம் சொல்லிவிட்டுப் போவார். கட்டிலில் கிடந்த ஹார்லன் கண்ணை மூடியபடியே சிரிப்பார்.

ஹார்லன் போன பிறகு சாமான்களை எடுக்க நானும் லவோனுடன் போயிருந்தேன். தலைமை நர்ஸ் பெவர்லி, “இந்தப் படத்த எப்பவாவது குடுக்கறதா இருந்தா எங்களுக்குக் குடுங்க. கூடத்துச் சுவரு காலியாத்தான் கெடக்கு” என்றாள்.

“வேற யாருக்குக் குடுக்கப்போறேன்? இங்கதான் வரும்” என்றாள் லவோன். என் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. வைனோவின் படங்களைச் சிகாகோவில் யாரோ கண்காட்சி வைத்தார்கள்; பத்திரிகைகள் எழுதின; அவர் வரைந்த வெள்ளைக்கெல்லாம் திடீரென்று விலை ஏறியது. அவர் டிரெய்லரை விட்டு நகரவில்லை, அது வேறு விஷயம். அதே சமயத்தில் ஒரு ஓட்டல் கம்பெனி லவோனின் கடை நிலத்தைக் கேட்டது. முழங்கால் வலியோடு தனியாகக் கடை பார்த்துக்கொண்டிருந்தவள், விற்றுவிட்டாள்.

மருமகன் டெரெக் கணக்கர். அவளுடைய வருமான வரியை அவன்தான் பார்ப்பான். நிலம் விற்ற லாபத்துக்கு எவ்வளவு வரி என்று அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் லவோன் எழுந்து போய், கழுவிவைத்த கோப்பைகளையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

“கொறைக்க வழியே இல்லயா, டெரெக்?”

டெரெக் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரில் ஹார்லன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“லவோன், இத வைனோ உங்களுக்குச் சும்மா குடுத்தாரா?”

“சும்மாவா? ஒரு மோட்டார் குடுத்து வாங்கினேன்.”

“நல்லதாப் போச்சு. இதத் தானமாக் குடுத்தா வரி கொறையும். வரைஞ்சவர்கிட்ட சும்மா வாங்கியிருந்தா, அவரே தானம் பண்ற மாதிரிதான் சட்டம் பாக்கும். துணியும் பெயிண்ட்டும் என்ன செலவோ அதத்தான் கழிச்சுக்க முடியும். நீங்க மாத்திக்கிட்டது வாங்கின கணக்கு. அதுவும் எத்தன வருஷமா வெச்சிருக்கீங்க. ஒரு ம்யூசியத்துக்குக் குடுத்தீங்கன்னா, இன்னிக்கு என்ன வெல போகுமோ அந்த முழு வெலையையும் வருமானத்துல கழிச்சுக்கலாம்.”

“மேட்டு இல்லத்துக்குன்னு சொல்லிவெச்சிருக்கேனே.”

“அவங்க நோயாளிகளப் பாத்துக்கறவங்க. படம் காட்டறது அவங்க வேலையில்ல. அந்த மாதிரி எடத்துக்குக் குடுத்தா நீங்க வாங்கின வெலதான் கழியும். ஒரு பழைய மோட்டார்.”

மகள் கிறிஸ்டன் அம்மாவின் தோளில் கை வைத்தாள். “அம்மா, அப்பா ம்யூசியத்துல இருப்பாரும்மா. ஊரே வந்து பாக்கும். யோசிச்சுப் பாரு.”

“மாட்டிவெப்பாங்களா?”

“மாட்டத்தானே வாங்கறாங்க” என்றான் டெரெக். அவன் அதை நம்பித்தான் சொன்னான். இன்றைக்கும் அவன் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

விலை மதிப்பிடுகிறவர் ஒருவர் நகரத்திலிருந்து வந்தார். கையுறை போட்டுக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். லவோன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். “சரியாப் பாத்தீங்களா?” என்று கேட்டாள். சரியாகத்தான் பார்த்திருந்தார்.

வைனோவிடம் சொல்லாமல் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பனியில் அவள் வண்டி ஓட்ட மாட்டாள் என்பதால் நான் அழைத்துப் போனேன். வைனோ ஏலக்காய் ரொட்டியை வெட்டி எங்கள் முன் வைத்தார்.

“ஹார்லனக் குடுக்கப்போறேன், வைனோ. ம்யூசியத்துக்கு.”

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “மேட்டுக்குன்னு சொன்னியே?”

“அங்க குடுத்தா ஒரு மோட்டார் வெலதான் கழியுமாம்.”

“மோட்டாரு இப்பவும் நல்லாத்தான் ஓடுது.”

மூவரும் சிரித்தோம். அவர் தொடர்ந்தார்: “நான் வருஷா வருஷம் மேட்டுக்கு ஒரு படம் குடுக்கறேன்ல, ஏலம் விடறதுக்கு? எனக்கு என்ன கழியும் தெரியுமா? துணி, மரச்சட்டம், ரெண்டு ட்யூப் பெயிண்ட்டு. அதையே நான் செத்தப்புறம் என் தங்கச்சி குடுத்தா அவளுக்கு முழு வெல. நான் உசுரோட இருக்கறதுதான் சட்டத்துக்குத் தொந்தரவு.”

“அதான் சொல்றேன், எனக்காவது கெடைக்குதே.”

வைனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஹார்லனுக்குக் கூட்டம் ஆகாது, லவோன்.”

“கூட்டம் முதுகத்தானே பாக்கப்போவுது” என்றாள் அவள். தமாஷாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

படம் தெற்கே பெருநகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனது. டெரெக் சொன்னபடியே வரி குறைந்தது. மிஞ்சிய பணத்தில் லவோன் வீட்டுக் கூரையை மாற்றினாள். பேத்தியின் கல்லூரிச் செலவுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தாள். முதல் வருஷம் ‘புதிய நன்கொடைகள்’ என்று ஒரு கூடத்தில் ஹார்லனை மாட்டியும் வைத்தார்கள். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் ஒரு பஸ் பிடித்துப் போனோம். லவோன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “இவர் என் வீட்டுக்காரர்” என்று சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் நாங்கள் இருவர் மட்டும் போனபோது அந்தச் சுவரில் வேறு என்னவோ இருந்தது.

“வைப்பறையில இருக்குங்க” என்றாள் வரவேற்பில் இருந்த பெண். “எங்ககிட்ட இருக்கறதுல ரொம்பக் கொஞ்சம்தான் சுவர்ல இருக்கும்.”

“நான்தாம்மா அதக் குடுத்தவ.”

“ரொம்ப நன்றிங்க” என்றாள் அவள், மனசாரத்தான். “முன்கூட்டி எழுதிக் கேட்டீங்கன்னா கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்றேன்.”

எழுதிக் கேட்டு, இன்னொரு நாள் போனோம். தரைக்கு அடியில் குளிர்ந்த ஒரு பெரிய அறை. இரும்பு வலைச் சட்டங்களை அலமாரிக் கதவுபோல இழுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் படங்கள். ஒரு குதிரைக்கும் ஒரு பழத்தட்டுக்கும் நடுவே ஹார்லன் வந்தார். லவோன் கையை நீட்டினாள். ஊழியர் மெதுவாக, “தொடக்கூடாதுங்க” என்றார்.

“உக்காந்து பாக்க நாற்காலி இருக்கா?”

இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஊழியரிடம், “இவர் எங்க போனாலும் ஜன்னல் பக்கமாத்தான் உக்காருவாரு” என்றாள்.

“இங்க ஜன்னலே வெக்க மாட்டாங்கம்மா. வெளிச்சம் படத்துக்கு ஆகாது.”

அவர் சட்டத்தைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. திரும்பி வந்து ஊருக்குள் நுழைந்து, கீழே ஏரி தெரிந்ததும் லவோன், “தப்புப் பண்ணிட்டேனோ?” என்றாள். நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

மூன்று வருஷம் போனது. ஒரு நாள் டெரெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அருங்காட்சியகம் வேறு படங்கள் வாங்குவதற்காகத் தன்னிடமுள்ள சிலவற்றை நியூயார்க்கில் ஏலம் விடப்போகிறது. அதில் ஹார்லனும் உண்டு.

“குடுத்தத விக்கலாமா?” என்றாள் லவோன்.

“மூணு வருஷம் அவங்க வெச்சிருந்தாப் போதும். அதுக்குள்ள வித்திருந்தாத்தான் சிக்கல். நாமளும் எந்த நிபந்தனையும் போட்டுக் குடுக்கல. நம்ம வரிக்கழிவுக்கு ஒண்ணும் ஆகாது, லவோன்.”

“நான் கழிவப் பத்திக் கேக்கலப்பா.”

அருங்காட்சியகத்துக்குப் போன் போட்டு, எனக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஏலத்தில் கேட்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஏலத்தன்று கிறிஸ்டனின் கணினி முன் உட்கார்ந்தோம். கூரைக்குச் செலவழித்ததுபோக மீதியை எல்லாம் போட்டுக் கேட்பதென்று லவோன் தயாராக இருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் விலை அவள் வீட்டின் விலையையும் தாண்டிப் போய்விட்டது. யாரோ அரிசோனாக்காரர் வாங்கினார். கிறிஸ்டன் கணினியை மூடிவிட்டு அழுதாள். லவோன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் வைனோவின் இதயம் தளர்ந்துபோய், அவரையும் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். லவோன் தினமும் சூப் எடுத்துக்கொண்டு போவாள். கூடத்தில் காலியாகக் கிடந்த சுவரில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பெரிய டிவி ஓடிக்கொண்டிருக்கும். பெவர்லி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று லவோன் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நானும் கூடப் போயிருந்த ஒரு நாள் வைனோவே ஆரம்பித்தார்.

“ஹார்லன வித்துட்டாங்களாமே.”

“ஆமா.”

“எங்க போனான்?”

“அரிசோனா.”

“அடப்பாவமே. அவனுக்கு வெயிலே ஆகாதே.”

லவோன் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “குடுக்காதன்னு அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, வைனோ?”

“உன் படம். மோட்டார் குடுத்து வாங்கிக்கிட்ட. நான் யாரு சொல்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். சற்று நேரம் கழித்து, “இன்னொண்ணு வரைய முடியுமா?” என்று கேட்டாள். அவர் கம்பளிக்கு வெளியே கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் நடுங்கின. “கை கெடக்கட்டும்,” என்றார். “எனக்கு முன்னால வந்து உக்கார யாரு இருக்கா?”

ஏரி உருகுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். டிரெய்லரில் இருந்த படங்கள் தங்கைக்குப் போயின. அவள் அவற்றை ஒரு கல்லூரிக்குக் கொடுத்தாள், அவர் சொன்னதுபோலவே முழு விலைக்கும் கழித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு லவோன் ஏலக் கம்பெனி மூலமாக அரிசோனாக்காரருக்குச் சொல்லியனுப்பினாள். அவரே போன் செய்தார். பெயர் ராய்ஸ் பெம்பர்டன். நீச்சல்குளம் கட்டிக் கொடுக்கும் தொழில் செய்து ஓய்வுபெற்றவர். “தாராளமா வாங்க. எத்தன நாள் வேணும்னாலும் பாருங்க” என்றார். எழுபத்தெட்டு வயதில் அவள் தனியாக விமானம் ஏறிப் போனாள். அங்கே நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அரைக்கால் சட்டையில் வந்து கதவைத் திறந்தாராம். வெளியே கள்ளியும் மணலும் கொதித்துக்கொண்டிருக்க, உள்ளே பெரிய சுவரில் அந்தப் படம் ஒன்று மட்டும். எதிரே ஒரு சாய்வு நாற்காலி. அந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான் பொறந்தது வடக்கு டகோட்டா. எங்கப்பா இப்படித்தான் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பார். இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரர். ஹார்லன்.”

அவர் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தத் தோள் ஏன் இறங்கியிருக்கிறது, அன்றைக்கு மீன் கிடைத்ததா, என்ன பேசிக்கொள்வார்கள் என்று. லவோன் எல்லாவற்றையும் சொன்னாள். மேட்டு இல்லத்தைப் பற்றியும் சொன்னாள். கிளம்புவதற்கு முன் டெரெக்கிடம் கேட்டு வைத்திருந்ததையும் தைரியமாகச் சொன்னாள்.

“நீங்க பெரிய வெல குடுத்து வாங்கியிருக்கீங்க. அதனால அந்த மாதிரி இல்லத்துக்குக் குடுத்தாலும், வாங்கின வெலய நீங்க கழிச்சுக்கலாமாம். எனக்குத்தான் அது முடியாமப் போச்சு. எப்பவாவது குடுக்கற எண்ணம் இருந்தா...”

“அது எனக்கும் தெரியும்மா,” என்றார் ராய்ஸ். “என் கணக்கரும் வாங்கின அன்னிக்கே எங்க குடுக்கப்போறீங்கன்னுதான் கேட்டார். நான் கழிச்சுக்கறதுக்காக வாங்கல. பாக்கறதுக்காக வாங்கினேன்.”

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அவள் கதையில் பாதிதான் தெரியும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு தன்னால் அங்கே சாப்பிட முடியவில்லை என்றாள் லவோன். “நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமாப் போச்சு. கோவப்பட ஒருத்தராவது இருந்திருக்கலாம்.”

ராய்ஸ் அந்தப் படத்தை அதே அளவில் அச்செடுத்து, சட்டம் போட்டு, மேட்டு இல்லத்துக்குத் தன் செலவில் அனுப்பிவைத்தார். பெவர்லி அதை டிவி கூடத்தில் மாட்ட இடமில்லாமல், துணி வைக்கும் அறைக்குப் பக்கத்து நடையில் மாட்டினாள். நோயாளிகள் சிலர் அதையும் நின்று பார்க்கிறார்கள். லவோன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தாள். பனி வழவழவென்று இருக்கிறது என்றாள். மறுபடி போகவில்லை.

போன மார்ச்சில் டெரெக் வழக்கம்போல வரித் தாள்களோடு வந்திருந்தான். நானும் அவள் சமையலறையில்தான் இருந்தேன். தாள்களைப் பிரிக்காமல் அவன் மேஜை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

“லவோன், அன்னிக்கு நான் அந்த யோசனையச் சொல்லியிருக்கக் கூடாது. ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன்.”

“நீ என்னப்பா பண்ணுவ? எப்படிக் கொறைக்கறதுன்னு கேட்டேன், சொன்ன. கொறைக்காமக் கட்டிட்டா என்ன ஆகும்னு நான் கேக்கவேயில்ல.” அவள் மேஜைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் ஒதுக்கினாள். “கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

டெரெக் மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

“கட்டியிருந்தாலும் உங்களுக்குத் தாராளமா மிஞ்சியிருக்கும்” என்றான்.

“அதான்” என்றாள் லவோன். “சரி, தாள எடு. எங்க கையெழுத்துப் போடணும்?”